பாஸ்புக்கில் இருக்கிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது

ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசி வாரத்தில் கொட்டாம்பட்டி வட்டாரத்து வங்கிக் கணக்குகளில் இரண்டு பிடித்தங்கள் நடக்கின்றன. ஒன்று 20 ரூபாய், இன்னொன்று 436 ரூபாய். பாஸ்புக்கில் பதிந்து வாங்கினால் அந்த வரிகளுக்கு நேரே பி.எம்.எஸ்.பி.ஒய். என்றும் பி.எம்.ஜே.ஜே.பி.ஒய். என்றும் எழுத்துகள் மட்டும் இருக்கும். ‘பேங்குல ஏதோ பிடிச்சிருக்கான்’ என்று சொல்லிவிட்டுப் பாஸ்புக்கை மஞ்சள் பைக்குள் வைத்துவிடுவார்கள். எதற்குப் பிடித்தார்கள் என்று கேட்கும் கணக்குதாரரும் குறைவு. கேட்காமலே எடுத்துச் சொல்லும் வங்கி ஊழியரும் குறைவு. அந்தக் கணக்குதாரர் திடீரென்று இறந்துபோனால், வீட்டில் மிஞ்சியவர்களுக்கு அது சில நூறு ரூபாய் மீதியுள்ள ஒரு பழைய பாஸ்புக், அவ்வளவுதான். அதன் பேரில் 2 லட்சமோ 4 லட்சமோ வரவேண்டியிருக்கிறது என்று தெரியாமலே கருமாதி முடிகிறது, கடன்காரர்கள் வருகிறார்கள், நகையோ நிலமோ கைமாறுகிறது.

காப்பீடே இல்லாமல் ஒரு குடும்பம் தவிப்பது ஒரு துயரம். சந்தா கட்டியிருந்தும், உரிமை இருந்தும், சொல்லித்தர ஆளில்லாததால் அந்தப் பணத்தை ஒரு குடும்பம் இழப்பது அதைவிடக் கொடுமை. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இது சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. எந்தக் காவல் நிலையத்திலும் இதற்குப் புகார் பதிவாவதில்லை. இழந்தவருக்கே இழந்தது தெரியாதபோது யார் போய்ப் புகார் கொடுப்பது?

அந்த இரண்டு பிடித்தங்களின் விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பிரதமர் பெயரிலான சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடும் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடும் 2015 மே 9 அன்று தொடங்கப்பட்டவை. முதலாவதில் 18 முதல் 70 வயது வரை இருக்கலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டு கண்களோ இரண்டு கைகால்களோ முழுமையாகச் செயலிழந்தாலும் 2 லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ காலோ போனால் 1 லட்சம். இரண்டாவதில் 50 வயதுக்குள் சேரவேண்டும், 55 வரை தொடரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் கிடைக்கும். புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாட்களுக்குள் விபத்தல்லாத மரணம் நேர்ந்தால் மட்டும் கிடையாது. ஜூன் 1 முதல் மறு ஆண்டு மே 31 வரை காப்பீட்டுக் காலம். 2022 வரை 12 ரூபாயும் 330 ரூபாயுமாக இருந்த சந்தா அந்த ஆண்டு ஜூன் முதல் 20, 436 என்று உயர்ந்தது.

ஆக, மே கடைசியில் கணக்கில் 456 ரூபாய் இருக்கவேண்டும். நூறு நாள் வேலைக் கூலி ஏறிய அன்றே எடுத்துச் செலவழித்துவிடும் கணக்குகளில் அது இருக்காது. பணம் இல்லையென்றால் பிடித்தம் நடக்காது; பிடித்தம் நடக்காவிட்டால் காப்பீடு நின்றுவிடும். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தாலும், எப்போதோ கொடுத்து இப்போது யாரிடமோ இருக்கும் எண்ணுக்குத்தான் போகும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. இரண்டு வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இரண்டிலும் சந்தா பிடிக்கப்படுகிறது. இரண்டு மடங்கு பணம் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எத்தனை கணக்கில் பிடித்தாலும் ஒருவருக்கு 2 லட்சம்தான்; கூடுதலாகக் கட்டிய சந்தா வீண்.

விபத்துக் காப்பீட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் வட்டாரத்தில் அது உயிர்நாடியான விஷயம். விபத்து என்றால் பஸ்ஸோ லாரியோ மோதுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தென்னை ஏறும்போது தவறி விழுவதும் விபத்து, வரப்பில் பாம்பு கடிப்பதும் விபத்து. சாலை விபத்து, நீரில் மூழ்குதல் போன்றவற்றைக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றுக்கு உடனடியாக மருத்துவமனையில் சேர்த்த பதிவு ஆதாரமாக வேண்டும். திட்டத்தின் விதியே இப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஊரில் நடப்பது என்ன? பாம்பு கடித்தவரை வேர் கட்டுபவரிடம் முதலில் தூக்கிப்போகிறார்கள். அங்கேயே உயிர் போய்விட்டால், ‘எதுக்கு ஆஸ்பத்திரி, போலீசுன்னு? பாடிய அறுத்துப் போடுவாங்க’ என்று பெரியவர்கள் சொல்ல, அன்று மாலையே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அந்த ஒரு முடிவில் உயிர் பிழைக்கும் வாய்ப்பும் போகிறது, 2 லட்சமும் போகிறது. காகிதம் எதுவும் இல்லாத மரணத்துக்கு எந்த நிறுவனமும் பணம் தராது. உயிரைக் காக்கவும், பிறகு உரிமையைக் காக்கவும் முதலில் போகவேண்டிய இடம் அரசு மருத்துவமனைதான் என்பதை ஒவ்வோர் ஊரிலும் அழுத்திச் சொல்லவேண்டும்.

கொட்டாம்பட்டியை ஒட்டிப் போவது மதுரை – திருச்சி நான்குவழிச் சாலை. அந்தச் சாலையைக் குறுக்கே கடக்காமல் இந்தப் பக்கத்து வாழ்க்கை இல்லை. அதில் போகும் ஒவ்வொரு டூவீலருக்கும் கட்டாயக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. அதை ‘போலீசு பிடிச்சா காட்ட’ என்றுதான் எடுக்கிறார்கள். மூன்றாம் நபருக்கான அந்தக் காப்பீடு நாம் மோதிய ஆளுக்குப் பணம் தரும். வண்டி ஓட்டிய நமக்குத் தராது. உரிமையாளரே ஓட்டிச் சென்று இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் கிடைக்கும் தனி விபத்துக் காப்பீட்டையும் சேர்த்து எடுத்திருக்கவேண்டும். ஒரு காலத்தில் 1 லட்சமாக இருந்த இந்தத் தொகை, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2018இல் 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஓட்டியவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அப்பா பெயரில் வண்டி, உரிமம் இல்லாத மகன் ஓட்டுகிறான் என்றால் அந்த 15 லட்சத்தை மறந்துவிட வேண்டியதுதான். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா இல்லையா என்று அதில் கேட்கக் கூடாது. இது தெரியாமல், முன்பணத்துக்காக நடுராத்திரியில் நகையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

ஜன்தன் கணக்கோடு வந்த ரூபே அட்டையிலும் விபத்துக் காப்பீடு உண்டு. 2018 ஆகஸ்ட் 28க்குப் பிறகு தொடங்கிய கணக்குகளுக்கு 2 லட்சம், அதற்கு முந்தையவற்றுக்கு 1 லட்சம். விபத்துக்கு முந்தைய 90 நாட்களுக்குள் அந்த அட்டையை ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். ஏ.டி.எம்.மில் மீதி பார்த்தால்கூடப் போதும். கட்டைவிரல் ரேகை வைத்தே பணம் எடுத்துப் பழகிய நம் பெண்கள் பலரின் அட்டை, வங்கி கொடுத்த உறையைவிட்டு வெளியே வந்ததே இல்லை. அட்டை இருக்கிறது, அதிலுள்ள பாதுகாப்பு செத்துக் கிடக்கிறது.

குழுக் கடன் வாங்கும் பெண்களிடம் கேட்டால் ‘இன்சூரன்சுக்குன்னு முன்னாடியே பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுத்தாங்க’ என்பார்கள். பெரும்பாலும் கடன் வாங்கியவர் அல்லது கணவர் இறந்தால் மீதிக் கடன் அடைபடும் காப்பீடு அது. ஆனால் கணவர் இறந்த வீட்டில் அடுத்த வாரமும் தவணை கேட்டு வந்தால், குழுத் தலைவியும் மற்ற உறுப்பினர்களும் சேர்ந்து அந்த அம்மாவை நெருக்குகிறார்கள். பிடித்த இன்சூரன்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்கும் தைரியம் அந்த வேளையில் யாருக்கு வரும்? சிறுகடன்களுக்கான 2022ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதிகள் தெளிவாக இருக்கின்றன. கடன் அட்டை கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். காப்பீடு போன்றவற்றை முழுச் சம்மதத்தோடுதான் தரவேண்டும். அதற்கான கட்டணத்தை அட்டையிலேயே எழுதவேண்டும். நம் ஊர்ப் பெண்கள் தங்கள் கடன் அட்டையை எடுத்து, தமிழில் இருக்கிறதா, இன்சூரன்ஸ் வரி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையென்றால் குழுக் கூட்டத்திலேயே எழுந்து கேட்கவேண்டும்.

இப்போது ஏஜென்ட் பாலிசிகளுக்கு வருவோம். நம் கிராமங்களில் ஏஜென்ட் பெரும்பாலும் அந்நியர் கிடையாது. மாமாவோ சித்தப்பாவோ கூடப்படித்தவரோதான். அவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல முகம் வராது. இருபது வருடம் கட்டினால் மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்கிறார். வருடம் 10,000 ரூபாய் என்று கட்டத் தொடங்குகிறார்கள். கட்டுபவர் நாளை இறந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு வரும் என்று கேட்பதில்லை. இப்படிப்பட்ட சேமிப்புப் பாலிசிகளில் அது பெரும்பாலும் 1 லட்சத்திலிருந்து 2 லட்சத்துக்குள்தான் இருக்கும். 436 ரூபாய்க்கு 2 லட்சம் கிடைக்கும் ஊரில் 10,000 ரூபாய் கட்டி அதே அளவு பாதுகாப்பு வாங்குகிறோம். மீதியெல்லாம் சேமிப்பு, அதுவும் நடுவில் நிறுத்தினால் கை கடிக்கும் சேமிப்பு. உழைத்துச் சம்பாதிக்கும் முப்பது வயதுக்காரருக்கு முதலில் வேண்டியது, இறந்தால் மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிசி. குறைந்த சந்தாவில் பெரிய தொகைக்குக் காப்பு தருவது அதுதான். ‘உசுரோட இருந்தா ஒண்ணும் வராதா, அப்ப கட்டுனது நட்டம்தானே’ என்று நம்மவர்கள் தள்ளிவிடுகிறார்கள். உயிரோடு இருப்பதை நட்டமாகக் கணக்குப் பார்க்கும் இந்தப் பேச்சை மாற்றாமல் எந்தக் குடும்பத்துக்கும் உண்மையான பாதுகாப்பு வராது.

மழை பொய்த்த வருடத்தில் பாலிசி காலாவதியாகிறது. வருடச் சந்தாவுக்கு 30 நாள், மாதச் சந்தாவுக்கு 15 நாள் சலுகைக் காலம் உண்டு. அதைத் தாண்டினாலும் சேமிப்புப் பாலிசியை முதல் தவறிய தவணையிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் புதுப்பிக்கலாம். முன்பெல்லாம் ஒரு வருடம் மட்டும் கட்டிவிட்டு நிறுத்தினால் கட்டியது மொத்தமும் போய்விடும். 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, முழுதாக ஓராண்டுச் சந்தா கட்டியிருந்தாலே ஓரளவு சரண்டர் தொகை கிடைக்கும். வாங்கிய பாலிசி பிடிக்கவில்லையென்றால், பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த உரிமையை ஏஜென்ட் தானாகச் சொல்லமாட்டார்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது விண்ணப்பத்தில் நடப்பது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஏஜென்ட்டே படிவத்தை நிரப்புகிறார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, பீடி சிகரெட் உண்டா, இதற்கு முன் ஆபரேஷன் நடந்ததா என்று கேள்விகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு, பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். கையெழுத்துப் போட்டவர் பல வருடமாக மேலூர் ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை வாங்குபவராக இருப்பார். இரண்டாம் வருடமே அவர் இறந்துவிட்டால் நிறுவனம் விசாரிக்கும், பழைய மருத்துவமனைச் சீட்டைத் தேடிப் பிடிக்கும், நோயை மறைத்தார் என்று மறுத்துவிடும். ஏஜென்ட் எழுதியது என்று சொன்னால் எடுபடாது, கையெழுத்து இவருடையது. காப்பீட்டுச் சட்டம் 1938இன் 45ஆம் பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, 3 ஆண்டுகள் கடந்த ஆயுள் பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது என்கிறது. ஆனால் அந்த 3 ஆண்டுகள் ஓடும்வரை எமன் காத்திருப்பான் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. உண்மையை எழுதிக் கொஞ்சம் கூடுதல் சந்தா கட்டுவதுதான் குடும்பத்துக்கு நல்லது. இறப்பு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து, காகிதங்களைத் தானே சேகரித்து, பணம் கைக்கு வரும்வரை அலைந்து தரும் ஏஜென்ட்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவசரமாக டிக் அடிப்பவர்களால் அவர்கள் பெயரும் சேர்ந்து கெடுகிறது.

மருத்துவக் காப்பீட்டில் அரசுத் திட்டம் ஒன்றே பெரும்பாலான குடும்பங்களுக்குக் கதி. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, இன்று மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். இந்த அட்டையை எப்போது தேடுகிறோம்? நெஞ்சு வலி வந்த பிறகு. அந்த நேரத்தில் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் என்று எடுத்துக்கொண்டு மேலூர் தாண்டி மதுரை கலெக்டர் ஆபீசுக்கு ஓடுவது யாருக்கும் வரக்கூடாத நிலை. உடம்பு நன்றாக இருக்கும்போது வாங்கிவைக்க வேண்டிய அட்டை அது. எல்லா மருத்துவமனையிலும் எல்லாச் சிகிச்சைக்கும் அது செல்லாது. பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் செல்லும். அப்படிச் செல்லும் இடத்தில் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம்.

தனியார் மருத்துவப் பாலிசி எடுக்க வசதியுள்ளவர்களும் பெருகியிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கிவிட்டதால் இன்னும் பெருகுவார்கள். அவர்கள் பார்க்கவேண்டியது சந்தாத் தொகையை மட்டுமன்று. அறை வாடகைக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்று பாலிசியில் வரம்பு இருந்து, 6,000 ரூபாய் அறையில் படுத்தால், கூடுதல் 3,000 மட்டும் நம் தலையில் விழும் என்று நினைக்கிறார்கள். டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் என்று அறையோடு சேர்ந்த செலவுகளையும் பாதியாக வெட்டிவிட விதி இடம் தருகிறது. 5 லட்ச ரூபாய் பாலிசி வைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் கையிலிருந்து கட்டியவர்கள் புலம்புவதன் பின்னணி இதுதான். முன்பே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள். 5 ஆண்டுகள் விடாமல் புதுப்பித்துவந்தால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, நோயை மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது. இவையெல்லாம் 2024 ஏப்ரலில் வந்த நல்ல மாற்றங்கள். பாலிசியின் சாரத்தை எளிய நடையில் சொல்லும் தகவல் தாளைக் கேட்டால் தமிழிலேயே தரவேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? 2023-24இல் நாட்டில் வந்த மருத்துவக் காப்பீட்டு உரிமைக் கோரிக்கைகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் மறுக்கப்பட்டன. அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது.

மறுத்துவிட்டால் அதோடு முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்துக்குள் சரியான பதில் இல்லையென்றால் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அங்கே கட்டணமில்லாமல், வக்கீல் இல்லாமல் கேட்கிறார்கள். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போகவேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். அதே ஆணையத்தின் பெயரைச் சொல்லி, ‘உங்க பாலிசிக்கு போனஸ் வந்திருக்கு’ என்று போனில் யார் பேசினாலும் அவர்கள் திருடர்கள். ஆணையம் யாருக்கும் பாலிசி விற்பதில்லை, போனஸ் அறிவிப்பதில்லை.

இத்தனையையும் மக்களே தேடித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நேர்மை ஆகாது. கிராமத்து வங்கிக் கிளைகள் மாதம் ஒரு நிதிக் கல்வி முகாம் நடத்தவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இலேயே சொன்னது. மூன்றாம் வெள்ளிக்கிழமை என்று நாளும் குறித்தது. முகாம் என்ற பெயரில் நாலு பேரை நிற்கவைத்து பேனரோடு போட்டோ எடுத்தால் கணக்கு முடிந்தது என்ற நிலை மாறவேண்டும். மே மாதத்தில் ஒவ்வொரு கிளையும் ஒரு மேசை போட்டு, பாஸ்புக்கோடு வரும் ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும்: என்ன காப்பீடு இருக்கிறது, யார் நாமினி, செல்போன் எண் சரியா. கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்குகளில் இறந்துபோன தாயார் பெயரே இன்னும் நாமினியாக இருக்கிறது. அதைத் திருத்த ஒரு படிவம் போதும். திருத்தாமல் விட்டால் மனைவி வாரிசுச் சான்றுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கவேண்டும்.

மாவட்ட ஆட்சியருக்கும் கொட்டாம்பட்டி ஊராட்சி ஒன்றியத்துக்கும் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். குடும்பத்தில் ஒருவர் இறந்தால் தவறாமல் போகும் இடம் இறப்புப் பதிவு செய்யும் அலுவலகம். இறப்புச் சான்றிதழைக் கையில் கொடுக்கும் அந்த மேசையிலேயே, தமிழில் ஒரே பக்கத்தில் ஒரு துண்டறிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள். வங்கிக் கணக்கில் 20 ரூபாய், 436 ரூபாய் பிடித்தம் உண்டா, ரூபே அட்டை உண்டா, குழுக் கடன் உண்டா, தொழிலாளர் நலவாரிய அட்டை உண்டா, வண்டிக் காப்பீடு உண்டா, வேறு பாலிசி உண்டா, எங்கே போய்க் கேட்கவேண்டும், என்ன காகிதம் வேண்டும் என்பது மட்டும் அதில் இருந்தால் போதும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், பெரிய நிதி வேண்டாம். அச்சுக் கூலிதான் செலவு. அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி ஒன்றியத்தின் ஒவ்வோர் ஊராட்சியையும் கேட்டுக்கொள்கிறோம். ஊராட்சி கொண்டுவரவில்லையென்றால், வாசகர்களே, நீங்கள் எழுந்து கேளுங்கள்.